தீர்த்தன் ஆற்றில் ஒரு நாள்: காக்கப்படும் மீனும் காக்கும் மீனும்

அக்டோபர் மாதத்தின் கடைசி வாரத்தில் தீர்த்தன் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்த அந்தத் தம்பதியருக்கு 'மீன்' என்ற சொல் ஒரே உயிரைக் குறிக்கவில்லை. கணவனுக்கு அது டிரவுட். குளிர்ந்த தெளிநீரில் நீரோட்டத்தை எதிர்கொண்டு நின்று, மிதந்து வரும் பூச்சியைப் பார்த்துத் தேர்ந்து உண்ணும் மீன். ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட மீன். மனைவிக்கு அது பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்று வாழும் ஒரு கெண்டைக் குடும்பத்து மீன். உத்தராகண்டில் அதை அசேலா என்பார்கள். இமாசலத்தில் குங்லி என்பார்கள். விலங்கியலில் அதன் பெயர் சைசோதொராக்ஸ் ரிச்சர்ட்சோனி. பனிமலை ஆற்றில் வாழ்வதால் ஆங்கிலேயர் அதற்கு 'ஸ்னோ டிரவுட்' என்று பெயரிட்டனர். டிரவுட்டுக்கும் அதற்கும் உறவு எதுவும் இல்லை. தமக்குத் தெரிந்த மீனின் பெயரைத் தமக்குத் தெரியாத மீனுக்குச் சூட்டிவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான்.

இருவரும் தமிழர்கள், திருமணமாகி ஒன்பது ஆண்டுகளாகத் தில்லியில் வாழ்பவர்கள். அவன் ஒரு கல்லூரியில் நவீன இந்திய வரலாறு கற்பிக்கிறான். காலனிய மலை நிர்வாகம் பற்றிய ஆவணங்களைத் தேடிப் படித்தபோது, வரிவிதிப்பு, காடு, சாலை ஆகியவற்றுக்கு இடையே மீன்முட்டைகளைப் பற்றிய கடிதங்களும் வருவதைக் கண்டு வியந்து, அந்த வியப்பின் தொடர்ச்சியாக ஒரு தூண்டில் கோலைக் கையில் எடுத்தவன். ஆண்டுதோறும் அக்டோபரில் சில நாள் குலுவுக்கு வந்துவிடுவான். அதே அக்டோபரில் அவள் கர்வால் மலையின் கிளை ஓடைகளில் இடுப்பளவு நீரில் நின்று அசேலாவின் நீளத்தையும் எடையையும் குறித்துக்கொண்டிருப்பாள். மழைக்காலம் முடிந்து ஆறு தெளியும் அந்தச் சில வாரங்களே இருவருக்கும் உரிய காலம். ஆகவே ஒன்பது அக்டோபர்களில் ஒன்றைக்கூட அவர்கள் சேர்ந்து கழித்ததில்லை.

இந்த ஆண்டு செப்டம்பரோடு அவளது ஆய்வு நல்கை முடிந்தது. புதுப்பிக்கக் கேட்ட விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. நேர்காணலில் கேட்கப்பட்ட கேள்வி அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது: இந்த மீனால் யாருக்கு என்ன வருமானம்? டிரவுட் பற்றி ஏதேனும் செய்யலாமே என்று ஒருவர் பரிவோடு சொன்னார். அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. போவதற்குக் களம் இல்லாத முதல் அக்டோபரில், கணவன் அழைத்ததும் மறுக்காமல் கிளம்பிவிட்டாள். மணாலி செல்லும் இரவுப் பேருந்திலிருந்து, அவுட் சுரங்கப்பாதைக்கு முன்பாக, விடியும் வேளையில் இறங்கி, பஞ்சார் வழியாகக் குஷைணி வந்து சேர்ந்தார்கள்.

நவம்பர் தொடங்கி பிப்ரவரி முடிய டிரவுட் பிடிக்கத் தடை. மீன் முட்டையிடும் காலம் அது. தடை தொடங்க இன்னும் நான்கு நாள்கள் இருந்தன. மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடு காலை எட்டு மணிக்கு ஆற்றில் இறங்கினார்கள். குஷைணிக்கு மேலே கிரேட் இமாலயன் தேசியப் பூங்காவின் எல்லை தொடங்குகிறது. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட காடு அது. பூங்காவுக்குள் தூண்டில் போடக்கூடாது. எனவே ஊருக்குக் கீழே, பெரும்பாறைகளுக்கு இடையில் ஆறு மடுவும் ஓட்டமுமாக மாறி மாறிச் செல்லும் பகுதியைத் தேர்ந்துகொண்டார்கள்.

'ஃபிளை ஃபிஷிங்' என்பதை நம் ஊர்த் தூண்டிலோடு ஒப்பிட்டால்தான் அதன் தனித்தன்மை விளங்கும். குளத்திலோ கடற்கரையிலோ தூண்டில் போடுபவர் வீசுவது ஈயக்குண்டின் எடையை. தங்கூசி அதன் பின்னால் இழுபட்டுச் செல்லும். இங்கே எல்லாம் தலைகீழ். முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிக்கு எடையே இல்லை. எடை முழுவதும் கயிற்றில் இருக்கிறது. தடித்த அந்தக் கயிற்றின் நுனியில் மெல்லிய தங்கூசி, தங்கூசியின் நுனியில் பூச்சி. கோலைப் பின்னுக்கு வீசினால் கயிறு தலைக்கு மேல் வளைந்து பின்புறம் நீளும். அது முழுதாக நீண்டு முடியும்வரை பொறுத்து, பிறகு முன்னுக்கு வீச வேண்டும். அந்த ஒரு கணத்துப் பொறுமையைத்தான் புதிதாகக் கற்பவர்களால் கடைப்பிடிக்க முடிவதில்லை. அவசரப்பட்டால் கயிறு சுருண்டு காலடியில் விழும்.

சரியாக வீசிவிட்டாலும் வேலை பாதிதான் முடிந்திருக்கும். ஆறு ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நடு ஓட்டம் வேகமாகவும் பாறையோரம் மெதுவாகவும் செல்கிறது. வேக நீரில் விழுந்த கயிறு, மெல்ல மிதக்க வேண்டிய பூச்சியை இழுத்துக்கொண்டு போகும். எந்த உண்மைப் பூச்சியும் நீரைக் கிழித்துக்கொண்டு குறுக்கே ஓடாது என்பது மீனுக்குத் தெரியும். எனவே கயிற்றை நீரோட்டத்துக்கு எதிர்ப்புறமாக மெல்லத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். டிரவுட் நீர் வரும் திசையை நோக்கி நிற்பதால், அதன் பின்புறமாக, அதாவது கீழிருந்து மேலாக, நெருங்க வேண்டும். இவை அனைத்தையும் அவன் நன்கு அறிந்தவன். ஆயினும் காலை முழுவதும் அவன் போட்ட பூச்சியை எந்த மீனும் பொருட்படுத்தவில்லை.

அவள் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவள் அல்ல. காலணியைக் கழற்றி, சல்வாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஆழமில்லாத நீரில் இறங்கி, வழக்கம்போல் கற்களைப் புரட்டிப் பார்க்கத் தொடங்கினாள். கல்லின் அடியில் தட்டை உடலோடு ஒட்டிக்கொண்டு ஓடும் மேஃபிளையின் இளம்பருவம். மணலையும் சிறு கூழாங்கற்களையும் பட்டுநூலால் கோத்துத் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும் கேடிஸ் புழு. மேஃபிளை நீருக்குள் மாதக்கணக்கில் வளர்ந்து, சிறகு முளைத்து வெளியே வந்தபின் ஓரிரு நாளே வாழ்கிறது. மழைக்குப் பின் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலை நினைத்துக்கொண்டால் அதன் வாழ்க்கை நமக்குப் புரிந்துவிடும். காலைக் குளிரில் எதுவும் சிறகு விரித்து மேலெழவில்லை. அவள் நிமிர்ந்து, கணவனின் தூண்டிலில் இருந்த பூச்சியைப் பார்த்தாள்.

"மேல மிதக்கிறதைப் போட்டு என்ன பண்றீங்க? இன்னும் எதுவும் மேல வரலையே. எல்லாம் கல்லுக்கு அடியிலதான் இருக்கு. மீனும் அங்கதான் பார்த்துக்கிட்டு நிக்கும்."

ஒன்பது ஆண்டுகளாகக் கடைக்காரர் எடுத்துத் தந்த பெட்டியிலிருந்து நிறம் பார்த்துப் பூச்சி பொறுக்கியவன், அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பூச்சி பொறுக்கினான். நீருக்குள் அமிழும் பழுப்பு நிறப் பூச்சி ஒன்றைக் கட்டினான். மூன்றாவது வீச்சில் கயிறு அரைக்கணம் நின்றது. கோலை உயர்த்தினான். மீன் அகப்பட்டது.

அது உள்ளங்கை நீளத்துக்குச் சற்று அதிகமான ஒரு பழுப்பு டிரவுட். மஞ்சள் படர்ந்த உடல், அதன்மேல் கரும்புள்ளிகள், பக்கவாட்டில் வெளிறிய வளையம் சூழ்ந்த சிவப்புப் புள்ளிகள். முதுகின் பின்பகுதியில், வாலுக்கு முன்பாக, எலும்பில்லாத ஒரு சிறு கொழுப்புத் துடுப்பு. வழிகாட்டி தம் கைத்தடியில் வெட்டி வைத்திருந்த அளவுக்குறியோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையசைத்தார். அனுமதிக்கப்பட்ட நீளத்துக்குக் குறைவானதைத் திரும்ப விட்டாக வேண்டும். முள்ளின் உட்புறக் கூரை அவன் முன்பே இடுக்கியால் நசுக்கி வைத்திருந்ததால் அது எளிதாகக் கழன்றது. கையை நனைத்துக்கொண்டு, நீருக்குள்ளேயே மீனைத் தாங்கி, அது வாலை அசைத்துத் தானே நழுவிப் போகும்வரை காத்திருந்தான். முகம் மலர்ந்து அவளைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் முகம் மலரவில்லை. "விட்டாச்சு. சரி. நாளைக்கு அது எதைத் தின்னும்?" என்று மட்டும் கேட்டாள்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. இந்தியாவின் மலைப்பகுதிகளில் குடியேறிய ஆங்கிலேயர்க்கு அங்கே தம் நாட்டைப் போன்ற குளிரும் ஆறும் கிடைத்தன; தம் நாட்டு மீன் மட்டும் கிடைக்கவில்லை. நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிய முயற்சிகள் பயன் தரவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் எச். சி. வில்சன் காலத்தில்தான் அங்கே வானவில் டிரவுட் நிலைகொண்டது. காஷ்மீருக்கு அனுப்பப்பட்ட முதல் தொகுதி பழுப்பு டிரவுட் முட்டைகள் வழியிலேயே அழிந்தன. 1900இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த அடுத்த தொகுதி பிழைத்தது. ஃபிராங்க் மிட்செல் என்ற கம்பள வணிகர் அவற்றை வளர்த்தெடுத்தார். அங்கிருந்து 1909 வாக்கில் குலுவுக்கு முட்டைகள் வந்தன. கப்பலிலும் ரயிலிலும் கழுதையிலும் பனிக்கட்டியோடு பொதிந்து ஒரு மீனின் முட்டைகளைக் கண்டம் கடத்தும் அளவுக்கு ஏங்கிய மனத்தை அவன் ஒரு வரலாற்றாசிரியனாக ஆராய்ந்திருக்கிறான். அது பேரரசின் ஆணவம் என்று வகுப்பில் கூறுவான். ஆற்றில் நிற்கும்போது அவ்வாறு கூற அவனுக்கு நா எழுவதில்லை.

அவளது வரலாறு வேறு. பழுப்பு டிரவுட் ஊனுண்ணி. பூச்சிகளைத் தின்று வளர்ந்து, பெரிதானதும் சிறு மீன்களையும் தின்னும். பாசி மேயும் குங்லியின் குஞ்சுகள், டிரவுட் போன்ற வேட்டைமீன் இல்லாத ஓடைகளில் பரிணமித்தவை. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி இனங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் பழுப்பு டிரவுட்டும் இருக்கிறது. அதே ஒன்றியத்தின் செம்பட்டியலில் குங்லி 'அழிய வாய்ப்புள்ள இனம்' என்ற நிலையில் இருக்கிறது. ஒருபுறம் குற்றவாளி, மறுபுறம் பாதிக்கப்பட்டவர் என்று எளிதாக எழுதிவிடலாம். அவள் தன் ஆய்வேட்டில் அப்படி எழுதவில்லை. அணை, ஆற்றுமணல் அள்ளுதல், சாலை வெட்டி ஆற்றில் தள்ளும் மண், பிளீச்சிங் பவுடரும் வெடியும் வைத்துப் பிடிக்கும் களவு ஆகிய எல்லாவற்றோடும் சேர்ந்தே டிரவுட்டையும் ஒரு காரணமாகக் குறித்தாள். தமிழில் இதைப் பற்றி எழுத நேர்ந்தபோது 'வந்தேறி மீன்' என்ற சொல்லையும் தவிர்த்தாள். மனிதர்களை நோக்கி வீசப்பட்டுக் கறைபடிந்த சொல்லைக் கொண்டு ஆற்றின் உயிரியலை விளக்க முடியாது என்பது அவளது நிலைப்பாடு.

நண்பகலில் வழிகாட்டியின் வீட்டிலிருந்து சித்து வந்தது. புளித்த கோதுமை மாவுக்குள் பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த, நெய் ஊற்றி உண்ணும் குலு நாட்டு உணவு. பாறைமேல் அமர்ந்து உண்ணும்போது அவள் வழிகாட்டியிடம் இந்தியில் குங்லியைப் பற்றிக் கேட்டாள். சிறுவயதில் பலாச்சன் ஓடை ஆற்றில் கலக்கும் இடத்தில் அவை கூட்டமாக நிற்கும் என்றும், இப்போது எப்போதாவது ஒன்று கண்ணில் படும் என்றும் அவர் சொன்னார். பிறகு, அவள் எதிர்பாராத ஒன்றையும் சொன்னார்.

"டிரவுட் இல்லாவிட்டால் இந்த ஆறே இருந்திருக்காது, தீதி."

அவர் சொன்னதில் மிகை குறைவு. தீர்த்தனுக்கு அடுத்த பள்ளத்தாக்கில் ஓடும் சைஞ்ச் ஆறு நீர்மின் நிலையங்களுக்கு உரியதாகிவிட்டது. 520 மெகாவாட் திறன்கொண்ட பார்வதி மூன்றாம் கட்டத் திட்டமும், 100 மெகாவாட் சைஞ்ச் திட்டமும் அங்கே இயங்குகின்றன. ஆற்றின் பெரும்பகுதி நீர் மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் போய்விடுகிறது. இரண்டு ஆறுகளும் பியாஸோடு கூடும் லார்ஜியில் 126 மெகாவாட் அணை நிற்கிறது. தீர்த்தன் பள்ளத்தாக்கிலும் சிறு நீர்மின் திட்டங்கள் முன்மொழியப்பட்டன. மக்கள் எதிர்த்தார்கள். முன்னாள் சட்டமன்ற உறுப்பினரான திலாராம் சபாப் அந்த எதிர்ப்பின் முன்னணியில் நின்றார். இறுதியில் தீர்த்தன் நீர்மின் திட்டங்களுக்கு விலக்கப்பட்ட ஆறாயிற்று. அந்த வாதத்தில் வலுவாக முன்வைக்கப்பட்டவற்றுள் ஒன்று, இது டிரவுட்டின் வாழிடம் என்பது. மீன்பிடிக்க வருபவர்கள், அவர்களை நம்பி வாழும் விடுதிகள், அவர்களால் கிடைக்கும் வருமானம் ஆகியவற்றை அரசுக்குக் காட்ட முடிந்தது. குங்லிக்காக அப்படிக் காட்ட எதுவும் இருக்கவில்லை.

ஆக, குங்லியின் குஞ்சுகளைத் தின்னும் மீனே, குங்லி வாழும் ஆற்றையும் காத்திருக்கிறது. சைஞ்சில் வேட்டைமீன் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியைவிட, மீனுக்கு நீர் இருக்கிறதா என்ற கேள்வி முந்தி நிற்கிறது. இவ்விரண்டு உண்மைகளையும் ஒரே தராசில் வைக்க முடியாது. நேர்காணலில் கேட்ட கேள்வி அவள் காதில் மறுபடி ஒலித்தது. அன்று அது அறியாமையில் எழுந்த கேள்வியாகத் தோன்றியது. இப்போது, ஓர் ஆறு பிழைப்பதற்கும் இறப்பதற்கும் இடையே அதே கேள்விதான் நின்றது என்று தெரிந்தபோது, அதைச் சாதாரணமாக ஒதுக்க அவளால் இயலவில்லை. கேள்வி தவறானதுதான். ஆனால் அதற்குப் பதில் வைத்திருந்த உயிர் பிழைத்துக்கொண்டது.

பிற்பகலில் வெயில் பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கிய குறுகிய நேரத்தில் மேஃபிளைகள் மேலெழத் தொடங்கின. மடுவின் தலைப்பில், பாறை நிழலில், ஒரு மீன் இரண்டு முறை நீரின் மேற்பரப்பை உடைத்தது. அவள்தான் முதலில் கண்டாள், கையால் காட்டினாள். அவன் மிதக்கும் பூச்சிக்கு மாறி, கீழிருந்து குனிந்து நெருங்கி, ஒரே வீச்சில் அதை நிழலின் ஓரத்தில் வைத்தான். மீன் எடுத்தது. பத்து நிமிடம் மேலும் கீழும் ஓடியபின் வழிகாட்டியின் கைவலைக்குள் வந்தது. தடியின் அளவுக்குறியை அது தாண்டியிருந்தது. வயிறு பருத்த பெண்மீன். முட்டையிடும் காலத்தை நெருங்கியது.

சட்டம் இப்போது ஒன்றும் சொல்லவில்லை. வைத்துக்கொள்ளலாம், விடவும் செய்யலாம். அவன் பிடித்த மீனை வைத்துக்கொள்பவன் அல்லன். ஒன்பது ஆண்டுகளில் ஒரு டிரவுட்டைக்கூட அவன் கொன்றதில்லை. அதில் அவனுக்கு ஒரு மெல்லிய பெருமையும் உண்டு. ஆனால் காலையில் கேட்ட கேள்வி அவனுக்குள் இருந்தது. கைவலையை அவளிடம் நீட்டினான்.

"நீயே சொல்லு."

அவள் வலையை நீருக்குள் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் நின்றாள். இந்த மீனை அகற்ற வேண்டும் என்று கட்டுரைகளில் வாதிட்டவள் அவள். ஆனால் அவள் கையால் இறந்தவை அனைத்தும் அசேலாக்கள். வயது அறியக் காதெலும்பு வேண்டும், உணவு அறியக் குடல் வேண்டும், முட்டை எண்ண வயிற்றைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரியும் முறையான அனுமதியோடு, மிகக் குறைந்த எண்ணிக்கையில், கூச்சத்தோடு எடுக்கப்பட்டது. எனினும் எடுக்கப்பட்டது. காப்பாற்ற விரும்பிய மீனைக் கொன்றவள் அவள். அயல் மீனைப் பிடித்துப் பிடித்து உயிரோடு விட்டவன் அவன். அறிவதற்கும் விரும்புவதற்கும் இடையே உள்ள தொலைவு, அந்த வலைக்குள் இருந்த நீரின் அளவுக்குச் சுருங்கிவிட்டதுபோல் இருந்தது.

"வெச்சுக்கலாம்" என்றாள். "ஆனா நான்தான் செய்வேன்."

வழிகாட்டியிடம் சிறு கட்டையை வாங்கி, தலையின் பின்புறம் ஒரே அடி. மீனுக்கு வலி நீளவில்லை. அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நின்றான். அவளுக்குச் செய்யக்கூடிய மரியாதை அதுவே என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பாறைமேல் வைத்து வயிற்றைத் திறந்தபோது ஆரஞ்சு நிற முட்டைகள் சரிந்தன. ஆயிரத்துக்குக் குறையாது என்று அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். அதில் வெற்றியின் தொனி எதுவும் இல்லை.

பிறகு இரைப்பையை அறுத்து, சோறு வந்த எவர்சில்வர் தட்டில் நீர் விட்டு, உள்ளடக்கத்தை அலசினாள். மணற்கூட்டோடு விழுங்கப்பட்ட கேடிஸ் புழுக்கள், மேஃபிளையின் இளம்பருவங்கள், காற்றில் தவறி ஆற்றில் விழுந்த ஒரு வெட்டுக்கிளி, அவற்றுக்கு இடையில், இரண்டு விரற்கணு நீளமுள்ள, பாதி செரித்த ஒரு சிறு மீன்.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "குங்லியா?" என்று கேட்டான்.

அவள் பையிலிருந்து கைவில்லையை எடுத்து, தட்டை வெயில் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தாள். தலை கரைந்திருந்தது. வாயின் அமைப்பைப் பார்க்க வழியில்லை. கொழுப்புத் துடுப்பு தென்பட்டால் அது டிரவுட்டின் குஞ்சு. டிரவுட் தன் இனத்தையும் தின்னும். துடுப்பு தென்படவில்லை. அது இல்லாததாகவும் இருக்கலாம், செரித்துப்போனதாகவும் இருக்கலாம். சைசோதொராக்ஸ் இனத்துக்கு மலப்புழையை ஒட்டி ஓடு வேய்ந்ததுபோல் பெரிய செதில்களின் வரிசை ஒன்று உண்டு. தோல் உரிந்துவிட்டதால் அதையும் காண முடியவில்லை. ஓடைக்கற்களுக்கு இடையே வாழும், நம் அயிரைக்கு உறவான ஏதேனும் மீனாகவும் இருக்கலாம்.

"தெரியலை" என்றாள். "அப்படியே குங்லியா இருந்தாலும், ஒரு வயிறு. ஒரு வயித்தை வெச்சு எதுவும் சொல்ல முடியாது."

அவள் எளிதில் ஆம் என்று சொல்லியிருக்கலாம். கேட்டவன் நம்பியிருப்பான், அவளது ஒன்பது ஆண்டு உழைப்புக்கு ஒரு சாட்சி கிடைத்திருக்கும், கொன்றதற்கு ஒரு நியாயமும் கிடைத்திருக்கும். நல்கை நின்று, பணி இன்னதென்று இல்லாத நிலையில், அருகில் ஒரே ஒரு மனிதன் கேட்கும்போதும், தெரியாததைத் தெரியாது என்று அவள் சொன்னாள். எந்த நேர்காணலும் அவளிடம் இதைச் சோதித்துப் பார்க்கவில்லை.

அவன் அடுத்துக் கேட்டது, எப்படித் தெரிந்துகொள்வது என்று. ஒன்பது ஆண்டுகளில் அவளது ஆய்வைப் பற்றி அவன் எத்தனையோ முறை கேட்டிருக்கிறான்: எப்போது முடியும், எப்போது சமர்ப்பிப்பாய், எப்போது முடிவு வரும் என்று. அது எவ்வாறு செய்யப்படுகிறது என்று கேட்டது அன்றுதான். தசையின் ஒரு துணுக்கை எத்தனாலில் வைத்து, அதிலுள்ள ஒரு குறிப்பிட்ட மரபணுப் பகுதியின் வரிசையைப் படித்து, அறியப்பட்ட இனங்களின் வரிசைகளோடு ஒப்பிட்டால் பெயர் கிடைத்துவிடும் என்று அவள் விளக்கினாள். பையின் பக்க அறையிலிருந்து திருகுமூடி போட்ட சிறு குப்பி ஒன்றை எடுத்தாள். அதில் எத்தனால் நிரம்பியிருந்தது. செப்டம்பரில் நல்கை நின்றது. குப்பியை மட்டும் அவள் பையிலிருந்து எடுக்கவில்லை.

இரவு அந்த மீன் கடுகெண்ணெயில் பொரிக்கப்பட்டு, வழிகாட்டியின் குடும்பத்தாரோடு பகிர்ந்து உண்ணப்பட்டது. மீன் சுவையாக இருந்தது என்பதை இருவருமே ஒப்புக்கொண்டனர். வாதம் முடியவில்லை. அயல் மீனைக் கொல்வது சரி என்று அவன் ஏற்கவில்லை. விட்டுவிடுவது கருணை என்று அவள் ஏற்கவில்லை. டிரவுட்டை இனி இந்த ஆற்றிலிருந்து முற்றாக அகற்ற முடியாது என்பதிலும், அகற்றினால் ஆற்றைக் காக்கும் காரணமே போய்விடலாம் என்பதிலும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பெரிய ஆறு டிரவுட்டுக்கு என்று ஆகிவிட்ட இடத்தில், அருவியோ செங்குத்துப் பாறையோ தடுத்து டிரவுட் ஏற முடியாத கிளை ஓடைகளையாவது குங்லிக்கென்று காப்பது நடக்கக்கூடிய காரியம் என்று அவள் சொன்னாள். அதற்கு முதலில் எந்த ஓடையில் எது இருக்கிறது என்று யாரேனும் நடந்து பார்க்க வேண்டும்.

ஓர் உயிரைக் காப்பதற்கு அதைப் பற்றிய அறிவு போதாது. அதைத் தேடி ஆற்றுக்கு வருபவர்கள் வேண்டும். டிரவுட்டுக்கு அப்படி ஒரு கூட்டம் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது: அரசு அலுவலர், விடுதிக்காரர், வழிகாட்டி, ஆண்டுதோறும் தில்லியிலிருந்து வரும் ஒரு வரலாற்று ஆசிரியன். குங்லியைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் மாதிரி எடுக்க வந்தவர்கள். நல்கை தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டியவர்கள். விருப்பம் தவறான மீனின்மேல் விழுந்தும் ஓர் ஆறு பிழைத்தது. சரியான மீனைப் பற்றிய அறிவு விருப்பமாக மாறாமல் ஆய்வேடாகவே நின்றுவிட்டால், பிழைக்க வேண்டியது பிழைக்காமலும் போகலாம். கல்விப்புலத்தில் இருப்போர் எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

படுக்குமுன் அவள் குப்பியின்மேல் ஒட்டிய தாளில் பென்சிலால் எழுதினாள். எத்தனால் பட்டால் மை கரையும், பென்சில் எழுத்து கரையாது என்று கேட்காமலேயே அவனுக்குச் சொன்னாள். நாள், ஆறு, குஷைணிக்குக் கீழே, பழுப்பு டிரவுட், பெண், இரைப்பை உள்ளடக்கம். 'இனம்' என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டாள். 'சேகரித்தவர்' என்ற இடத்தில் வழக்கமாகத் தன் பெயரை மட்டும் எழுதுபவள், அன்று இரண்டு பெயர்களை எழுதினாள்.